ஒளி என்று நான் சொன்னது

அன்பு மகனுக்கு, அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் உடம்பும் மனசும் சுகமாக இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். இங்கே எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, நடக்கப் போகச் சொன்னால் மட்டும் வருகிறது, ரிமோட்டைத் தேடி வீடு முழுக்க அலையும்போது எங்கேயோ போய்விடுகிறது. சமையலறைக் குழாயைப் பிளம்பர் சரிசெய்தார், இப்போது குளியலறைக் குழாய் சொட்டுகிறது. உன் அக்கா மகள் நடக்கத் தொடங்கிவிட்டாள், நடப்பதென்ன, ஒரே ஓட்டம்தான், பின்னால் ஓடி ஓடி உன் அக்கா இளைத்துவிட்டாள். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் முகத்தைக் காட்டச் சொல்வாய். இதைச் சொல்லும்போது என் முகத்தை நீ பார்க்கக்கூடாது, அதனால்தான்.

எங்கள் நிறுவனம் பள்ளிகளுக்குச் செய்து தரும் வீடியோ பாடங்களில் அறிவியல் முழுக்க என் பொறுப்பு என்பது உனக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்புப் பாடங்களை நானே பேசிப் பதிவு செய்தேன், அந்தப் பஞ்சு ஒட்டிய சின்ன அறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு வேர்க்க விறுவிறுக்க. அப்போது நீ போனில், "அம்மா, மெஷின் போடற சப்டைட்டிலை ஒரு ஆள் உக்காந்து படிச்சுப் பாக்காம வெளிய விட்டுடாதம்மா" என்று சொன்னாய். இந்த விஷயத்தில் ஊர்ப்பட்ட கம்பெனிகள் உன்னைக் கூப்பிட்டு யோசனை கேட்கின்றன, நான் மட்டும், "ஆமா, அதை யாரு படிக்கப் போறா, எனக்கு வேற வேலை இல்லையா" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

போன மாதம், சோதனைக்காக எங்கள் பாடத்தை மட்டும் வைத்து நடத்திய பள்ளிகளில் ஒரு தேர்வு வைத்தோம். அதில் நல்ல மதிப்பெண் எடுக்கும் பிள்ளைகளுக்கு ஒரு அறிவியல் பயிற்சி முகாமில் இடம். விடைத்தாள்களில் பெயரும் இருக்காது, பள்ளியும் இருக்காது, வெறும் எண்தான். நான்கைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து திருத்தினோம். ஒரு தாளில், "கண்ணாடியில் ஒலி பட்டுத் திரும்புவதால் நம் முகம் தெரிகிறது. ஜன்னலைத் திறந்தால் ஒலி உள்ளே வரும், படிக்க முடியும். ஒலி இல்லாவிட்டால் எதுவும் தெரியாது" என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். எழுந்து நின்று, குரலை ஏற்றி இறக்கி அதை எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். கணக்குப் பாடம் செய்பவர், "அப்ப கரண்ட் போனா ரேடியோவை வச்சுப் படிச்சுக்கலாம் மேடம்" என்றார். கண்ணில் நீர் வரச் சிரித்தோம். சிரித்துவிட்டுச் சுழியைப் போட்டு, பக்கத்தில் சிவப்பு மையில், 'முதலில் காதைத் திறந்து பாடத்தைக் கேள்' என்று எழுதினேன்.

அந்தத் தாள் காது கேளாதோர் பள்ளியிலிருந்து வந்தது.

பத்து நாள் கழித்து அந்தப் பள்ளி ஆசிரியை ஒரு மாணவியைக் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து நான் சட்டம் பேசத் தயாராக இருந்தேன். அந்தப் பெண் ஒல்லியாக, இரட்டைச் சடையோடு, என்னை நேராகப் பார்த்தபடி நின்றாள். மேஜைமேல் தாளை வைத்தாள், அதன் பக்கத்தில் போனை வைத்து என் பாடத்தை ஓட்டினாள். திரையில் நான் சூரியனைக் காட்டிச் சிரித்துப் பேசுகிறேன், கீழே ஓடும் எழுத்தில் 'ஒலி நேர்கோட்டில் செல்லும்' என்று இருக்கிறது. விரலை அந்த வரிக்குக் கீழே வைத்தாள், பிறகு என் சிவப்பு எழுத்துக்குக் கீழே வைத்தாள், கைகளால் ஏதோ கேட்டாள். ஆசிரியை, "ரெண்டும் நீங்க சொன்னதுதானே, இதுல எது சரின்னு கேக்கறா" என்றார்.

நான் உடனே, "அது மெஷின் பண்ண தப்பு" என்றேன். வாயில் முதலில் வந்ததே அதுதான், பார்த்துக்கொள். எங்கள் தொழில்நுட்பப் பிரிவில் இருக்கும் பெண் என் குரலை ஸ்பீக்கரில் போட்டாள். போட்டுவிட்டு மெதுவாக, "மேடம், நீங்க சொன்னதத்தான் அது எழுதியிருக்கு" என்றாள். நானும் கேட்டேன். ஒளி என்று ஒரு இடத்தில்கூட நான் சொல்லவில்லை, எல்லாம் ஒலிதான். பள்ளியில் பாடம் எடுத்த இத்தனை வருடமும் வகுப்பில் கரும்பலகை இருந்தது, அதில் எழுதிவிடுவேன், ளகரத்துக்கு என் நாக்கு மடங்காதது யாருக்கும் தெரியவில்லை. காது கேட்கிற பிள்ளைகள் படத்தைப் பார்த்து ஊகித்துக்கொண்டார்கள். எழுத்தை மட்டுமே நம்பியவள் திரையில் இருந்தபடியே எழுதினாள். படத்தில் சூரியன் இருக்கிறதே, சந்தேகம் வரவில்லையா என்று வெட்கம் கெட்டுப்போய் அவளையே கேட்டேன். அவள் சொன்னதை ஆசிரியை சொன்னார், "வந்துச்சாம். வெளிச்சத்துக்குப் பாடத்துல ஒலின்னு பேரு போலன்னு நெனச்சாளாம். காது கேக்கறவங்க சொல்றாங்க, அவங்களுக்குத் தெரியாமலா இருக்கும்னு விட்டுட்டாளாம்."

நான் அந்த அறையில் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றேன். மன்னிப்புக் கேட்டேன், ஆசிரியை அதைக் கையால் சொன்னார், அவள் தலையாட்டினாள், அவ்வளவுதான். பரவாயில்லை என்று சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்.

இதோடு முடிந்திருந்தால்கூடப் போனில் சொல்லியிருப்பேன். அவர்கள் போன பிறகு மேலாளர் என்னைக் கூப்பிட்டு, "மேடம், அந்தப் பாடத்த மட்டும் சத்தமில்லாம மாத்திடுங்க, நாமளே ஒத்துக்கிட்டா மத்த பள்ளிக்கூடமெல்லாம் கேக்க ஆரம்பிச்சுடும்" என்றார். நான் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். ஆமாம், தலையாட்டினேன். ஒரு வாரம் அப்படியே போனது. அப்பா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "உனக்கு வேலை போயிடும்னு பயமா, பேரு போயிடும்னு பயமா" என்றார். பெயர்தான். மறுநாள் காலையில் முதல் வேலையாகப் பாடம் தவறு, பேசியவள் நான், அந்தப் பள்ளியின் விடைத்தாள்களை மறுபடி திருத்த வேண்டும் என்று எல்லாப் பள்ளிகளுக்கும் என் பெயர் போட்டு அனுப்பினேன். மேலாளர் இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அறிவியல் பொறுப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள், அது நியாயம்தான். திருத்திப் பார்த்ததில் அந்தப் பெண்தான் முதல். ஆனால் நான் தலையாட்டிவிட்டுச் சும்மா இருந்த அந்த வாரத்தில் முகாம் பட்டியல் மூடிவிட்டது. அடுத்த வருடம் பார்க்கலாம் என்கிறார்கள். ஒரு வாரம் முன்னால் வாயைத் திறந்திருந்தால் அவள் இப்போது அங்கே இருப்பாள்.

இப்போது பாடங்களை மறுபடி பதிவு செய்கிறோம். சப்டைட்டிலைக் கையால் அடித்து, அந்தப் பெண்ணின் வகுப்புக்கு அனுப்பி, அவர்கள் சரி என்ற பிறகுதான் வெளியே விடுகிறோம், அதற்கு அவர்களுக்குச் சம்பளமும் கேட்டு வாங்கினேன். நேற்று அவள் ஒரு வரியைத் திருப்பி அனுப்பியிருந்தாள், பாதி வாக்கியம் நான் முழுங்கிவிட்டேனாம். உண்மைதான். நீயும் ஒருமுறை பார்த்துத் தா, அம்மாவாயிற்றே என்று விட்டுவிடாமல் திட்டித் தா.

இன்னொன்று. "உங்க மகன் என்ன வேலை செய்யறான்" என்று என்னை யார் கேட்டாலும் ஏதோ கம்ப்யூட்டர் வேலை என்றுதான் இதுவரை சொல்லி வந்தேன். இன்று காலை மாடி வீட்டுக்காரர் கேட்டார். பாடம் எல்லாப் பிள்ளைக்கும் போய்ச் சேருதான்னு பாக்கற வேலை என்று சொன்னேன். சொன்னதும் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அடுப்பில் பால் இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு உள்ளே வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ. நேரத்துக்குச் சாப்பிடு, மருமகளையும் சாப்பிட வை. இருவரும் நோய்நொடி இல்லாமல், தலைநிமிர்ந்து, நெடுநாள் நன்றாக இருங்கள். அக்காவுக்கு மறக்காமல் போன் செய், அவளுக்கு இது எதுவும் தெரியாது, நானே சொல்கிறேன்.

உன்னைப் பெற்றவள்,
அம்மா