ரூபனுக்கு வாங்கின குளிர்க் கோட்

1986 கார்த்திகை, சனி இரவு

இன்று சூரிச் பார்க்கப் போனது நான், இவர், சின்னவள் மூன்று பேரும்தான். ஏரிக்கரையில் யப்பான் உல்லாசப் பயணிகள் என் சேலையைக் கண்டுவிட்டு, பக்கத்தில் நின்று படம் எடுத்தார்கள். பிறகு கடைத்தெருவில், ஊரில் அக்காவோடு நிற்கிற மூத்தவன் ரூபனுக்கு ஒரு குளிர்க் கோட் வாங்கினோம். அளவு தெரியாமல், கடையில் நின்ற ஒரு வெள்ளைப் பிள்ளையின் முதுகைப் பார்த்து மட்டுக்கட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும், புது உடுப்பென்று கழுத்துப் பட்டியில் மஞ்சள் பூசி முருகன் படத்துக்கு முன் வைத்தேன். இவர் பார்த்துவிட்டு, "என்னப்பா, மஞ்சளைப் பூசிப்போட்டீர்? இனிக் கடைக்காரன் திருப்பி எடுப்பானோ?" என்றார்.

"ஏன் திருப்ப வேணும்?"

இவர் கடைச் சீட்டை எடுத்து மடித்தார். "அவனைக் கூப்பிடுற அலுவல் இந்தக் குளிருக்குள்ளை முடியாதாம். நேற்றே விசாக் கந்தோரிலை சொல்லிப்போட்டினம். உம்மடை சந்தோசத்தைப் பார்க்க, கடையிலை சொல்ல வாய் வரேல்லை."

சின்னவள் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு, "அம்மா, அண்ணா வந்திட்டார்!" என்று வீடு முழுக்க ஓடினாள். கழட்டச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த குளிருக்குள் அவன் வளர்ந்துவிடுவான், இது காணாது. முருகா, அவன் எப்ப வருவான்? நீயாவது கெதியாய் ஒரு மறுமொழி சொல்லு.