சலவை அறைக் கதவில் ஒரு சோப்பு வட்டம்

மார்ச் 6

என் ஒட்டகமே,

நலம்தானே? நான் நலம் என்று எழுதினால் நீயே சிரிப்பாய். வீட்டுக்கு வந்ததும் அப்பா என் போனை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். கடிதம் எழுத மட்டும் அம்மா அரை மனதோடு விட்டிருக்கிறாள். அப்பா என் முகத்தைப் பார்ப்பதே இல்லை. லேத் பட்டறையில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எம் பொண்ணு பெரிய கணக்கு படிக்கிறா" என்று பீற்றிக்கொண்டவர்.

துறைத்தலைவர் கேட்டது இன்னும் காதிலேயே நிற்கிறது. "சரியான விடை ரெண்டு பேருக்கும் ஒண்ணா வரலாம்மா. தப்பு எப்படி அச்சு அசலா ஒண்ணா வரும்?" காம்ப்ளெக்ஸ் அனாலிசிஸ் தாளில், நடுவில் ஓட்டை உள்ள அந்த வளையக் கணக்கில், வெளி வட்டத்தைச் சுற்றிய திசையிலேயே உள் வட்டத்தையும் சுற்றியிருக்கிறோம், நீயும் நானும். உன் பின்னால் உட்கார்ந்திருந்ததால், பார்த்து எழுதிய பழி என் தலையில் விடிந்தது.

ஆனால் நமக்குத் தெரியுமே. ஹாஸ்டல் சலவை அறையின் இரும்புக் கதவில் சோப்புக் கட்டியால் இரண்டு வட்டம் போட்டு, அம்புக்குறி வைத்து, "வெக்டர் கால்குலஸுக்கும் இதேதான், காம்ப்ளெக்ஸுக்கும் இதேதான், மனசுல ஏத்திக்கோடி கொசு" என்று சொல்லித் தந்தவள் நீ. அது இன்னும் அங்கேதான் இருக்கும். அந்த அறையைக் கழுவுவது நம் இருவர் பொறுப்பு. நாம் என்றைக்குக் கழுவியிருக்கிறோம்! பதினைந்தாம் தேதி விசாரணையில் அதைக் காட்டிவிடு. அது போதும்.

உன் கொசு

மார்ச் 9

அன்புக் கொசுவுக்கு,

நீ இல்லாத அறையில் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. உன் போர்வையை மடித்து வைத்திருக்கிறேன். ஒழுங்காகச் சாப்பிடு.

வட்டத்தைப் பற்றித்தான் நானும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஜூனியர்களுக்கு வகுப்பெடுக்க என் பெயர்தான் போயிருக்கிறது, உனக்கே தெரியும். பரீட்சையில் கை தவறிவிட்டது என்றால் மன்னித்துவிடுவார்கள். தப்பாகவே படித்து, அதை இன்னொருத்திக்கும் சொல்லிக் கொடுத்தவள் என்று தெரிந்தால் யாரடி என் கையில் சாக்பீஸ் தருவார்கள்? அதைச் சொல்லாமலே உன்னைக் காப்பாற்ற வழி இருக்கிறதா பார்க்கிறேன். கொஞ்சம் பொறு.

உன் ஒட்டகம்

மார்ச் 11

ஒட்டகமே,

வேறு வழி எதையும் தேடாதே, எனக்குப் பயமாக இருக்கிறது.

உன்மேல் கோபமில்லை. நாம் எங்கே தவறினோம் என்று இப்போதுதான் விளங்கியது. வளையத்தின் பரப்பு எப்போதும் இடது கைப்பக்கமே இருக்கும்படி நடக்க வேண்டுமாம். அப்படியென்றால் உள் வட்டத்தில் எதிர்த்திசையில்தானே போக வேண்டும்? சமையலறை மேசையைச் சுற்றி நடந்து பார்த்தேன். பிள்ளைக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள்.

தப்பாகச் சொல்லிக் கொடுத்ததற்காக உன்னை யாரும் தூக்கில் போட மாட்டார்கள். அவர்களைக் கூட்டிப்போய் அந்தக் கதவைக் காட்டு. எனக்கு வேறு சாட்சி இல்லை.

கொசு

மார்ச் 16

அன்புள்ள கொசு,

நேற்று விசாரணை முடிந்தது. வட்டத்தைக் காட்டலாம் என்றுதான் இருந்தேன். முதலில் நான் மட்டும் போய்ப் பார்த்தேன். கதவைக் கழுவிவிட்டிருக்கிறார்கள். பளிச்சென்று இருக்கிறது. வெறும் கதவைக் காட்டி என்ன பேசுவது, சொல். "நான் முன்னால உக்காந்திருந்தேன், பின்னால என்ன நடந்துச்சுன்னு தெரியாது சார்" என்று மட்டும் சொன்னேன். அது பொய் இல்லையே.

மனதைத் தளரவிடாதே. அடுத்த வருடம் எழுதிக்கொள்ளலாம்.

என்றும் உன் ஒட்டகம்

மார்ச் 20

உனக்கு,

அடுத்த வருடம் இல்லை. என்னை நீக்கிவிட்டதாகப் பல்கலைக்கழகத்திலிருந்து தகவல் வந்துவிட்டது.

"கழுவிவிட்டிருக்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறாய். அந்த அறையைக் கழுவ வேறு ஆள் கிடையாது. நீயும் நானும்தான். நான் இங்கே இருந்தேன்.

நேற்று அப்பா வாயைத் திறந்தார்.

"நெஜமா சொல்லு, பாத்து எழுதுனியா?"

"இல்லப்பா."

"அப்ப அந்தப் பொண்ணு ஏன் அதச் சொல்லல?"

எனக்குப் பதில் தெரிந்திருந்தது. என் மௌனத்தை அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

ஜூனியர்களுக்கு வகுப்பெடுக்கும்போது உள் வட்டத்தை எதிர்த்திசையில் போடு. அவர்களாவது தப்பாக எழுத வேண்டாம். என் போர்வையை யாருக்காவது கொடுத்துவிடு. பதில் போடாதே.

இப்படிக்கு,
உன் அறையில் இருந்தவள்