ஆறாவது பாட்டில் பொங்குகிறது

என் அக்காள் பெற்ற ஆராய்ச்சிப் புயலுக்கு, உன் ஆய்வகத்தின் உதவியாளனும் பல கோடி பாக்டீரியாக்களின் தற்காலிகச் சக்கரவர்த்தியுமான தாய்மாமன் எழுதுவது. இங்கு நான் நலமா என்பதே குழப்பமாக இருக்கிறது.

வீட்டுக்குக் கிளம்பும்போது இரண்டு வேலை சொன்னாய். பாக்டீரியா வளரும் ஆறு பாட்டிலையும் கொட்டிவிட வேண்டும். உன் விலகல் கடிதத்தைப் பேராசிரியரிடம் கொடுக்க வேண்டும். மூணு வருஷம் வெயில் காட்டியும் சொல்லிக்கிற மாதிரி ஹைட்ரஜன் வரல, எனக்கு இது ஆகாது மாமா என்று அழுதாய்.

இரண்டையும் நான் செய்யவில்லை. தாராளமாகக் கோபப்படு, ஆனால் உட்கார்ந்து கோபப்படு.

பீட்ரூட் சாறு மாதிரி சிவந்து நிற்கும் உயிர்களை எப்படியம்மா கொட்டுவது? ஜன்னல் வெயிலில் வைத்து, நீ செய்வதுபோலவே ரப்பர் மூடியில் ஊசி குத்திச் சாப்பாடு போட்டேன். புளித்த கரைசல் ஆறுக்கும் வந்தது. பேராசிரியர் அளவு சொன்ன அந்த நைட்ரஜன் உப்பு மட்டும் ஐந்தோடு தீர்ந்துவிட்டது. அலமாரிச் சாவியோ உன் பையில். ஆறாவதிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் படுக்கப் போனேன்.

நாலே நாளில் அந்த ஆறாவது பொங்குகிறது! அதன் குழாய் போய்ச் சேரும், தொட்டித் தண்ணீரில் கவிழ்த்த ஜாடி ஒரே பகலில் முக்கால்வாசி வாயுவால் நிரம்பிவிட்டது. இதை வைத்து நிலாவுக்குப் போய்க் காபி குடித்துவிட்டு வரலாம் என்பது என் கணக்கு. வயிறு முட்டத் தின்ற ஐந்தும் சும்மா கிடக்கின்றன.

எனக்கு மண்டை காய்கிறது. ஊட்டி வளர்த்தது தூங்குகிறது, பட்டினி கிடந்தது உழைக்கிறது! இது ஹைட்ரஜனா, பசி ஏப்பமா? உப்பு வாங்கிப் போடவா, போட்டால் நின்றுவிடுமா? உப்பக் கொறச்சுப் பாக்கலாம்னா சார் விடமாட்டேங்குறார் என்று ஒருநாள் புலம்பினாயே, அது இதுதானா? வாயுவைச் சோதிக்கும் இயந்திரத்தைத் தொட்டால் என் கையை முறிப்பதாக நீதான் எழுதி ஒட்டியிருக்கிறாய்.

நேற்றுப் பேராசிரியர் எட்டிப் பார்த்து, எங்கய்யா அந்தப் பொண்ணு, பத்து நாளா ஆளக் காணோம் என்றார். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். உனக்கு நூற்றுநாலு டிகிரி காய்ச்சல் என்று வந்துவிட்டது. பாவம், பதறிப்போனார். திங்கள்வரை ஓய்வு கொடுத்திருக்கிறார். போன் செய்தால் கொஞ்சம் இருமிக் காட்டு. அக்காவிடமும் சொல்லிவை.

ஞாயிற்றுக்கிழமைக்குள் உன் காய்ச்சல் சுத்தமாக விட்டுவிட வேண்டும் என்று எல்லாத் தெய்வங்களையும் நச்சரித்துக்கொண்டிருக்கும்,
உன் மாமன்.