மேசையில் கிடந்த கார்டு

ஷாதிபூர், போர்ட் பிளேர்
14-10-1968

சேசு மரி சூசை துணை

மகள் இந்திராணிக்கு, ரோசலினுடைய அம்மா செல்வம்மாள் எழுதுவது. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும், பிழை பார்க்காதே. உன் கைக்காயம் ஆறியதா? என் மகளுக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்தது. நீ வருவாய் என்று வாசலையே பார்த்தேன்.

அவள் பாறையில் வழுக்கி விழுந்தாள் என்று எழுதிக் கொடுத்தாயாமே? போலீஸ்காரர் சொன்னார். புருஷன் அடி பொறுக்கவில்லை, கூட்டிப்போங்க தீதி என்று நீ அழுததால்தானே, சமூக நல ஆபீசிலிருந்து உன்னை அழைத்துவர ஹேவ்லாக் தீவுக்கு வந்தாள்? உன் புருஷன் பன்னீர்செல்வம் கோடாலிக் காம்பால் அவளை அடித்ததை நீ பார்க்கவில்லையா? அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி கோர்ட்டில் கேட்பார்கள்.

தபாலில் போட எனக்குக் கை வரவில்லை. நர்சு அன்னம்மாளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

செல்வம்மாள்


ஹேவ்லாக்
27-10-1968

முருகன் துணை

அம்மாவுக்கு இந்திராணி வணங்கி எழுதுவது. பார்த்தேன் அம்மா. எல்லாம் பார்த்தேன்.

ரோசலின் தீதி வரப்போவது அவருக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது. போலீஸ் கூட்டிப்போகும்போதுகூட, "தூக்கத்துல நீதானடி உளறுன. உன் வாய்தான் அவளக் கொன்னுச்சு" என்றார். இருக்கும் அம்மா. இந்த வீட்டில் என்னைத் தவிர யாருக்குத் தெரியும்? எந்த முகத்தோடு கோர்ட்டில் நிற்பேன்? என்னை விட்டுவிடுங்கள்.

பாவி இந்திராணி


ஷாதிபூர்
3-11-1968

மகளே,

நீ உளறவில்லை.

ஒரு வீட்டுக்குப் போகுமுன் அந்த வீட்டு ஆம்பளை பேருக்கு, வருகிற தேதி எழுதித் தபால் கார்டு போட வேண்டும் என்பது அவள் ஆபீஸ் சட்டம். அடிபடுகிற வீடென்றால் ரோசலின் எழுதுவாள், போடமாட்டாள். டைரிக்குள் வைத்துவிடுவாள். எனக்கு அது தெரியாது. உன் வீட்டுக் கார்டு மேசையில் கிடந்தது. பிள்ளை மறந்துவிட்டாள் என்று நான்தான் தபாலில் போட்டேன்.

கப்பல் ஏறுகிற அன்று காலையில் அதைப் பெருமையாகச் சொன்னேன். அவள் முகம் செத்துப்போனது. விஷயம் கேட்டு, "அடுத்த கப்பலுக்குப் போலீஸோட போயேன்டி" என்று கையைப் பிடித்தேன்.

"அதுக்குள்ள அவ உசுரோட இருக்க மாட்டாம்மா. கைய விடுங்க."

விட்டேன்.

இதை நான் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லவில்லை. கோர்ட்டில் சொல்லப்போகிறேன். கார்டு போட்டவள் நான், அடித்தவன் அவன். உன்மேல் ஒன்றுமில்லை.

பதினேழாம் தேதிக் கப்பலுக்கு இங்கே படகுத்துறையில் நிற்பேன். அவள் தெரிந்துதான் உன்னிடம் வந்தாள். நீயும் வா.

அம்மா
செல்வம்மாள்