சுய உதவி

22.2.1999, திங்கள்

லாகூருக்குப் பஸ் விட்டதற்காக ஃப்ளோரன்ஸ் ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் கடலை மிட்டாய் கொடுத்தாள். இந்தக் கல்லூரியில் அரசியல் பாடத்துக்கு நாங்கள் இரண்டே பேர். நான் ஏ செக்‌ஷன், அவள் பி.

"இனிமே சண்டையே கெடையாது, ஹேமா."

"பஸ் போனா போதுமா? பயம் போவணும்ல" என்றேன். மிட்டாயைத் தின்றுவிட்டுத்தான் சொன்னேன்.

1.3.1999

ஃப்ளோரன்சுக்குக் காய்ச்சல். அவள் வகுப்புக்கும் நானே போனேன். பாடம் யதார்த்தவாதம். கடைசி வரியாக, 'நாடுகளுக்குள்ள ஒரே வழி சுய உதவி' என்று நோட்ஸ் சொல்லி முடிக்கவும் பெல் அடித்தது. நாடுகளுக்கு மேலே போலீஸ் இல்லை, கோர்ட்டு இல்லை, ஆபத்து வந்தால் எவனும் வரமாட்டான், அவனவன்தான் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும் என்று விளக்க நேரமில்லை. பரவாயில்லை, என் வகுப்பா அது?

15.3.1999

அடுத்த வருஷம் இரண்டு செக்‌ஷனையும் ஒன்றாக்குகிறார்களாம். சேர்க்கை இல்லை. ஒருத்தி போதும்.

எனக்கு வேலை போனால் அப்பா மறுபடி தறியில் உட்காரச் சொல்வார். எம்.ஏ. படித்துவிட்டுத் தறியில் உட்கார்ந்தவள் என்று எங்கள் ஊர் முள்ளிப்பட்டு முழுக்கப் பேசும். செத்தாலும் மாட்டேன்.

"ஆரு போனாலும் நம்ம சிநேகிதம் போவக் கூடாது" என்றாள் ஃப்ளோரன்ஸ். போகிறவள் நீ என்றால் எனக்கும் சம்மதம்தான்.

19.3.1999

கல்லூரியை நடத்தும் கரஸ்பாண்டன்ட் அறையிலிருந்து ஃப்ளோரன்ஸ் வெளியே வந்தாள். என்ன விஷயம் என்று கேட்டேன். "சும்மாதான்." என் முகத்தைப் பார்க்கவில்லை. நாலு வருஷமாக ஒரே டப்பாவில் சாப்பிடுகிறோம், என்னிடமே சும்மாவா?

நானாக இருந்தால் எதற்குப் போயிருப்பேன்? அதற்குத்தான் அவளும் போயிருக்கிறாள்.

26.3.1999

மாடல் எக்ஸாம் தாள்களை மாற்றித் திருத்துவது இங்கே வழக்கம். பி செக்‌ஷன் கட்டு எனக்கு வந்தது. முப்பத்தொரு பேர் ஒரே மாதிரி எழுதியிருக்கிறார்கள்: நாடுகள் இருபது இருபதாகச் சேர்ந்து, மகளிரைப் போலச் சுய உதவிக் குழு அமைத்து, மாதாமாதம் கூட்டம் போட வேண்டும். ஒருத்தி பாகிஸ்தானைத் தலைவியாக்கி, இந்தியாவுக்குச் செயலாளர் பதவி கொடுத்திருக்கிறாள். வயிறு வலிக்கச் சிரித்தேன்.

தப்பு என்னுடையது. ஆனால் தாளில் என் பெயரா இருக்கிறது? பி செக்‌ஷன் என்றுதான் இருக்கிறது.

31.3.1999

கட்டைக் கொண்டுபோய்க் கரஸ்பாண்டன்ட் காத்தவராயன் மேஜையில் வைத்தேன். அவர் பட்டு வியாபாரி. இரண்டு தாளைப் படித்துவிட்டு, "நல்லாத்தானம்மா எழுதிகீறாங்க" என்றார்.

எது தப்பு என்று விளக்கினேன். "ஃப்ளோரன்ஸ் இப்டிதான் சார் சொல்லித் தராங்க" என்றேன். குரல் நடுங்கவே இல்லை.

1.4.1999

ஸ்டாஃப் மீட்டிங்கில் தாள்களை அவரே வாசித்துக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஃப்ளோரன்ஸ் எழுந்து, "என் தப்புதான் சார்" என்றாள்.

அன்றைக்கு யார் வகுப்புக்குப் போனது என்று அவளுக்குத் தெரியும். சொல்லவில்லை. ஏன்டி சொல்லல? சொல்லித் தொலைச்சிருக்கலாம் இல்ல? நாளைக்குப் பெரிய வெள்ளி, கோயிலில் முட்டி போட்டு என்னை மன்னித்துவிடுவாளாக்கும். எரிகிறது.

28.5.1999

கார்கிலில் விமானம் குண்டு போடுகிறது. நான் சொன்னதுதான் நடந்தது. சொல்லிக்காட்ட அவள் இல்லை, ஏப்ரலோடு நின்றுவிட்டாள்.

14.6.1999

வேலை எனக்குத்தான். காத்தவராயன் ஆர்டரைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"அந்தப் பொண்ணு மார்ச்சுலயே வந்து சொல்லிட்ச்சிம்மா. செய்யார் ஸ்கூல்ல வேலை கெடச்சிட்ச்சி, ஹேமாவ வச்சிக்கோங்க, தறிக்குப் போனா அது தாங்காதுன்னு. உங்கிட்ட சொல்ல வாணாம்னுச்சி, சங்கடப்படுவியாம்."

"அப்ப ஏன் சார் மீட்டிங்ல..."

"நீ எது வரைக்கும் போவன்னு பாத்தேன். ஸ்டாஃப்ல யாரு என்னா பேசிகினு கீறாங்கன்னு வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வந்து சொல்லு. உன்னாட்டம் ஒரு ஆளு எனக்கு வேணும்."

தலையாட்டினேன்.

9.7.1999, வெள்ளி

நான் நுழைந்தால் ஸ்டாஃப் ரூமில் பேச்சு நிற்கிறது. டப்பாவைத் தனியாகத் திறக்கிறேன். சாயங்காலம் அவர் அறைக்குப் போக வேண்டும்.

இன்று அதே பாடம். இந்த முறை விளக்கிச் சொன்னேன். முதல் பெஞ்சு சுபலட்சுமி எழுந்து, "ஒருத்தர் கூடவா உதவிக்கு வரமாட்டாங்க, மிஸ்?" என்று கேட்டாள்.

"வரமாட்டாங்க. எழுதிக்கோ" என்றேன்.

எழுதிக்கொண்டாள்.