பதின்மூன்றாம் பாடத்திலிருந்து

11 ஜூன் 2025, கம்பைநல்லூர்

மறுபடி ஜப்பானிய இலக்கணம். மூன்றாவது முறை. டிசம்பரில் தேர்வு. மார்ச்சில் எனக்கு இருபத்தெட்டு முடிகிறது. அதற்குமேல் ஜப்பானுக்கு நர்ஸ்களை அனுப்புவதில்லை என்று ஏஜென்சியில் சொல்லிவிட்டார்கள். இதை விட்டால் வேறு வாய்ப்பு இல்லை.

கையில் இருப்பது அரைப் புத்தகம். பதின்மூன்றாம் பாடத்தில் தொடங்குகிறது. முதல் பன்னிரண்டு பாடங்கள் காவியாவிடம். சேலத்தில் நர்சிங் படித்தபோது இருவரும் சேர்ந்து ஒரே புத்தகம் வாங்கி, மொரப்பூர் ரயிலில் வைத்து பிளேடால் இரண்டாகக் கீறினோம். ஒரு மாதம் கழித்து மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. ஆறு வருடம் ஆகிறது.

19 ஜூன்

வினைச்சொல் அட்டவணையைச் சமையலறைச் சுவரில் ஒட்டி உருப்போட்டேன். பத்தாம் வகுப்புச் செய்யுள் மாதிரி கடகடவென்று ஒப்பிக்கிறேன். "அரிசி ஊறுகிறது" என்று ஜப்பானிய மொழியில் சொல்லிப் பார்க்கலாம் என்றால் வாயில் ஒன்றும் வரவில்லை.

2 ஜூலை

அப்பா அரைப் புத்தகத்தைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, செவுரே வெக்காம வூட்டுக்குக் கூர போடறயா?"

முழுப் புத்தகம் சேலத்தில் கிடைக்கும். போனிலும் கிடைக்கும். வாங்க மாட்டேன். வீம்புதான். வேறென்ன?

20 ஜூலை

டூட்டி முடிந்து வரும்போது ரயில் சத்தம். அந்தக் காலை ரயில் ஞாபகம் வந்துவிட்டது. காவியாவுக்கு ஜன்னலோரம். அவள் இட்லி எனக்கு, என் புளிச்சோறு அவளுக்கு. சேலம் வருவதற்குள் ஒரு பாடம். எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம்!

அப்புறம் அப்பா டிராக்டரிலிருந்து விழுந்தார். நான் அவரோடு ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம், காவியா என்னிடம் சொல்லாமலே சென்னைக்குப் போய் ஜப்பான் வேலைக்கான இன்டர்வியூவை முடித்துவிட்டு வந்தாள். "நீ எப்படியும் வர மாட்டேன்னு நெனச்சேன்டி" என்றாள். போயிருக்க மாட்டேன்தான். ஆனா கேட்டிருக்கலாம் இல்ல? ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்ல?

அவள் ஜப்பான் போனபோது வழியனுப்பக்கூட நான் போகவில்லை.

14 ஆகஸ்ட்

மாதிரித் தேர்வு. நூற்றெண்பதுக்கு அறுபத்தொன்று. எண்பது வேண்டும்.

17 ஆகஸ்ட்

ரோஷத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு மொரப்பூர் போனேன். காவியாவின் அம்மா நஞ்சம்மாள் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். உள்ளே போய் பீரோவைத் திறக்கிற சத்தம் கேட்டது. முதல் பாதியைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார்.

"போறப்பவே குடுத்துட்டுப் போனா கண்ணு. கலை வந்து கேட்டா மட்டும் குடும்மான்னா. ஆறு வருசமா நீதான் வர்ல."

இங்கேதான் இருந்திருக்கிறது. பஸ்ஸில் அரை மணி நேரம்.

18 ஆகஸ்ட்

பக்கங்களின் ஓரமெல்லாம் காவியாவின் பென்சில் எழுத்து. ஒவ்வொரு விதிக்கும் கீழே அன்றைக்கு நடந்ததையே ஜப்பானிய மொழியில் வாக்கியமாக எழுதியிருக்கிறாள். "கலை இன்றும் லேட்." "கலை என் இட்லியைத் தின்றுவிட்டாள்." அவள் அட்டவணை எதையும் உருப்போடவே இல்லை.

பன்னிரண்டாம் பாடத்தின் கடைசிப் பக்கம்: "கலை இன்று ரயிலில் இல்லை. நாளை வருவாளா?"

அழுதேன். அவ்வளவுதான்.

24 ஆகஸ்ட்

அட்டவணையைக் கிழித்தாயிற்று. முதல் பாடத்திலிருந்து, நாளுக்கு ஐந்து வாக்கியம், எல்லாம் அன்றைக்கு நடந்தது. இதுவரை ஆங்கிலத்தில் யோசித்து மாற்றிக்கொண்டிருந்தேன். எதற்கு இந்தச் சுற்று வழி? தமிழில் நினைத்தாலே சொற்கள் கிட்டத்தட்ட ஜப்பானிய மொழியின் அதே வரிசையில் வந்து உட்காருகின்றன.

அரிசி ஊறுகிறது. அப்பா திட்டுகிறார். சொல்ல வருகிறது!

31 ஆகஸ்ட்

காவியாவுக்கு ஜப்பானிய எழுத்தில் ஒரே வரி அனுப்பினேன். "கலை இன்றும் லேட்."

பத்து நிமிடத்தில் குரல் செய்தி. அழுகையும் சிரிப்புமாக: "ரெண்டாவது பாதி எங்கடி? இங்க கடையில கெடைக்குது, நான் வாங்கலியே. பதிமூணாவது பாடத்துலருந்து இன்னிக்கும் தடுமாறிட்டுதான் இருக்கறேன். கேக்காமப் போனது தப்புதான்டி."

7 டிசம்பர், சென்னை

எழுதிவிட்டேன். எண்பதைத் தாண்டும்.

9 டிசம்பர்

பொங்கலுக்குக் காவியா வருகிறாள். இரண்டாம் பாதியின் ஓரங்களும் இப்போது நிறைந்துவிட்டன; முக்கால்வாசி அவளைப் பற்றித்தான்.

கொண்டுபோய் நஞ்சம்மாளிடம் கொடுத்தேன். "அவ வந்து வாயத் தொறந்து கேட்டா மட்டும் குடுங்கம்மா" என்றேன்.

சிரித்துக்கொண்டே பீரோவில் வைத்துப் பூட்டினார்.