நீ திருத்திய புகார்

அன்புள்ள அண்ணனுக்கு,

அக்காவின் புகாரிலிருந்து சூப்பர்வைசரை வெட்டி எடுத்தது நீதான். போன கடிதத்தில் கேள்வியாகக் கேட்டேன், பதில் இல்லை. இப்போது கேட்கவில்லை, சொல்கிறேன்.

இஸ்திரி இயந்திரத்தில் மாட்டிய அக்காவின் கைக்குக் கட்டுப் பிரித்தாயிற்று. இரண்டு விரல் மடங்கவில்லை. சலவைக் கம்பெனியில் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. போன மாதம், நீ வேலை பார்க்கிற அதே கம்பெனியின் தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வந்தது: தொழிலாளியின் கவனக்குறைவு, நிவாரணம் கிடையாது. கூடவே நீ திருத்தி அனுப்பிய புகாரின் நகல். அதைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அவள் எழுதியது மோசமான இங்கிலீஷ்தான். மூச்சுவிடாமல் ஒரே வாக்கியமாக ஓடியது. ஒருமையும் பன்மையும் ஒட்டவில்லை. நடந்ததை நடப்பதுபோல எழுதியிருந்தாள். ஆனால் இஸ்திரி இயந்திரத்தின் மூடி உடைந்திருப்பதை முன்னாடியே சொன்னதும், 'ஓட்டும்மா, பாத்துக்கலாம்' என்று சூப்பர்வைசர் விரட்டியதும் அதில் இருந்தன. வருகிற புகார்களுக்கு இங்கிலீஷ் திருத்தி மேலே அனுப்புவது உன் வேலை. வாக்கியங்களைப் பிரித்தாய், காலத்தைச் சரிசெய்தாய், புள்ளி வைத்தாய். ஒரு பிழை இல்லை. சூப்பர்வைசரும் இல்லை.

எனக்கு வெட்கம் உன்னால் மட்டும் இல்லை. அப்படியே அனுப்பலாம் என்றாள் அக்கா. நான்தான், 'இதைப் பாத்தா சிரிப்பாங்க. அண்ணன் அங்கதான இருக்கான், அவன் பாத்துக் குடுத்தா தப்பே இருக்காது' என்று பிடுங்கி உனக்கு அனுப்பினேன். அவள் இங்கிலீஷுக்காகக் கூசினேனே, அதை நினைத்தால் இன்று அவள் எதிரில் நிற்க முடியவில்லை.

அவளோ உன் பக்கம்தான். 'அவனுக்கும் மேல ஆள் இருக்காங்கடா. சண்டைக்குப் போகாத, சாப்பிட்டானான்னு கேளு' என்கிறாள். கேட்டுவிட்டேன்.

மேல்முறையீட்டுக்கு இந்த மாதம்வரைதான் அவகாசம். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன். என் இங்கிலீஷ் லட்சணம் உனக்குத் தெரியும். பிழையைத் திருத்து, ஆளை எடுக்காதே. முன்பு எடுத்தது நீ என்று அடியில் எழுதிக் கையெழுத்துப் போடு.

முடியாது என்றால் கிளம்பி வா. அவள் எதிரில் உட்கார்ந்து, நீ திருத்தியதை ஒரு தடவை வாய்விட்டுப் படி.

இப்படிக்கு,
உன் தம்பி